நகமும் ஒரு சாசனம்: சுவட்டு மூலகங்களும் வன்னியின் உடல்நல வரலாறும்

வரலாறு எழுதப் புகுவோர் முதலில் தேடுவது ஆவணங்களையே. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, அரசாங்க அறிக்கை என்பன அவ்வகையின. இவற்றிலே மன்னரும் அதிகாரிகளும் செல்வரும் தம் வாயாற் பேசுகின்றனர். உழுதவனும் வலை இழுத்தவனும் பெரும்பாலும் பிறரால் பேசப்படுகின்றனர். வன்னியைப் பொறுத்தவரை இக்குறை பெரிது. 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு இன்றும் ஆய்வாளர் நாடும் முதன்மை நூல்களுள் ஒன்றாகும். ஆயினும் அது ஆட்சிப் பணியில் இருந்த ஒருவரின் நோக்கில் எழுந்தது என்பதை மறத்தலாகாது. மக்கள் உண்டதும் குடித்ததும் நோயுற்றதும் அத்தகைய நூல்களில் அதிகாரியின் கண்ணுக்கு எட்டிய அளவிலேயே இடம்பெற முடியும்.

இந்நிலைக்கு நாயாறு நல்லதோர் எடுத்துக்காட்டு. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் கரையோர வழியிலே, செம்மலைக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையில், களப்பு கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்தது இவ்வூர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, உள்நோக்கிச் சென்றால் வயலும் காடும் குளமும் என அமைந்த நிலம் இது. 1984 இல் நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாக மீளக்குடியேற்றம் நிகழ்ந்தது. கால் நூற்றாண்டு ஊர்விட்டு ஊர் அலைந்த ஒரு சமூகத்திலே காணி உறுதியும் வைத்தியசாலைத் துண்டும் பள்ளிப் பதிவேடும் சிதறிப்போவது இயல்பு. அத்தகைய மக்களின் உடல்நலம் பற்றி அறிய எந்தச் சான்றை நாடுவது?

மனித உடலும் ஓர் ஆவணக் களஞ்சியமே என்பது கடந்த நூறாண்டு மருத்துவ ஆராய்ச்சி உணர்த்திய உண்மை. அதன் ஏடுகளுள் மிகச் சிறியது நகம். வேண்டாம் என வெட்டியெறியப்படும் அத்துண்டிலே, மிக நுண்ணிய அளவில் உடலிற் சேரும் சுவட்டு மூலகங்களின் பதிவு உள்ளது. அப்பதிவு எவ்வாறு கண்டறியப்பட்டது, அது எதைக் கூறும், எதைக் கூறாது என்பன ஆராயத்தக்கன. ஏனெனில் சாசனம் ஒன்றை எவ்வளவு எச்சரிக்கையுடன் படிக்க வேண்டுமோ அவ்வளவு எச்சரிக்கையுடன் நகத்தையும் படித்தல் வேண்டும்.

நகத்தின் இயல்பு

நகம் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆயது. இப்புரதத்தில் கந்தகம் மிகுதி. ஆசனிக்கு, இரசம் முதலிய மூலகங்கள் கந்தகத்தோடு எளிதிற் பிணைவன. நகம் அதன் அடியிலே உருவாகும்போது குருதியில் எவை ஓடுகின்றனவோ அவற்றுட் சில அதனுட் சிறைப்படுகின்றன. பின்னர் நகம் இறந்த பொருளாக முன்னோக்கித் தள்ளப்படுகிறது. குருதி நாளுக்கு நாள் மாறும். சிறுநீர் வேளைக்கு வேளை மாறும். ஒருமுறை வளர்ந்துவிட்ட நகமோ தன்னுட் கொண்டதை எளிதில் விடுவதில்லை.

கைந்நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். முழுதும் புதிதாவதற்கு ஆறு மாதம் வரை செல்லும். கால்நகத்தின் வளர்ச்சி அதனினும் மெதுவானது. பெருவிரல் நகம் முழுதும் மாறப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வேண்டும். ஆதலால் இன்று வெட்டப்படும் கால்நகத்தின் நுனி ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் உடலில் இருந்ததைக் காட்டுகிறது. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தம் பெருவிரல் நகத்தின் வளர்ச்சியை முப்பத்தைந்து ஆண்டுகள் அளந்து, 1980 இல் முடிவை வெளியிட்டார். அவரது 32 ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், 67 ஆம் வயதில் 0.095 மில்லிமீற்றரே வளர்ந்தது. ஆகவே நகத்தின் காலக்கணக்கு எல்லார்க்கும் ஒன்றன்று. வயதுக்கேற்ப அது மாறும்.

கண்ணாற் கண்ட காலம்

கருவிகள் தோன்றுமுன்பே நகம் நோயின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளாகிய நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பவற்றுள் நிறமும் ஒன்று. இரத்தக் குறைவு உள்ளவரின் நகம் வெளிறும் என்பதும், இரும்புச்சத்து மிகக் குறைந்தவிடத்து அது கரண்டிபோலக் குழியும் என்பதும் இன்றைய மருத்துவரும் அறிந்தன. பாடாணம் என்ற பெயரால் ஆசனிக்கின் சேர்மங்களையும் இரசத்தையும் மருந்தாக ஆண்ட மரபு சித்த மரபு. ஒரே பொருள் அளவால் மருந்தும் நஞ்சுமாகும் என்ற உணர்வு அம்மரபுக்குப் புதியதன்று.

மேனாட்டிலே 1846 இல் ஜோசப் போ என்ற பிரெஞ்சு மருத்துவர், கடுநோய் கண்டு தேறியவரின் நகத்தில் குறுக்காகப் பள்ளக்கோடு விழுவதை விவரித்தார். அக்கோடு நகத்தின் அடியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கொண்டு நோய் வந்த காலத்தை மதிப்பிடலாம் என்பதே அதன் சிறப்பு. 1900 இல் இங்கிலாந்தின் மன்செஸ்ரர்ப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கைகால் மரத்துத் தளர்ந்து வீழ்ந்தனர். தொடக்கத்தில் மிகுந்த மதுப்பழக்கமே காரணம் எனக் கருதப்பட்டது. ஏர்னஸ்ற் ரெனோல்ட்ஸ் என்ற மருத்துவரே அவர்கள் குடித்த பியரில் ஆசனிக்கு இருப்பதைக் கண்டார். பியர் வடிக்கப் பயன்பட்ட சர்க்கரை, ஆசனிக்குக் கலந்த கந்தக அமிலத்தைக் கொண்டு செய்யப்பட்டிருந்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிப்புற்றனர்; எழுபதின்மர் அளவில் இறந்தனர். இவ்வகை நோயாளரின் நகங்களில் தோன்றும் வெண்கோடுகளை 1919 இல் ஒல்லாந்து மருத்துவர் மீஸ் தெளிவாக விவரித்தார். அவை இன்று மீஸ் கோடுகள் எனப்படுகின்றன.

இந்நிகழ்ச்சி தரும் பாடம் மருத்துவத்தோடு முடிவதன்று. நோயுற்றோர் ஏழைத் தொழிலாளர். ஆகவே அவர்தம் பழக்கத்தின் மீது பழி சுமத்துவது எளிதாயிற்று. பருப்பொருட் சான்று கிடைத்த பின்னரே பழி உரிய இடத்துக்கு மாறியது.

கருவியின் காலம்

ஆசனிக்கை நம்பத்தக்க முறையில் காட்டும் இரசாயனச் சோதனையை 1836 இல் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்டார். எனினும் நகத்துண்டு ஒன்றில் உள்ள நுண்ணளவை எண்ணாற் கூற மேலும் நுட்பமான வழி தேவைப்பட்டது. 1936 இல் ஜோர்ஜ் டி ஹெவெசியும் ஹில்டே லெவியும் நியூத்திரன்களால் மூலகங்களைத் தூண்டி, அவை வெளிவிடும் கதிர்களால் அவற்றை இனங்காணும் முறையை வகுத்தனர். 1955 இல் அலன் வால்ஷ் அணு உறிஞ்சல் முறையை முன்வைத்தார். 1980 களில் பல மூலகங்களை ஒருசேர அளக்கும் பொருண்மைநிறமாலைக் கருவிகள் ஆய்வுகூடங்களில் இடம்பெறத் தொடங்கின. இவற்றால் சில மில்லிகிராம் நகமே ஒரு மனிதனின் செலனியம், ஆசனிக்கு, இரசம், கட்மியம், நாகம் முதலியவற்றை எடுத்துரைக்கும் நிலை தோன்றியது.

அமெரிக்கத் தாதியர் ஆய்விலே 1982 முதல் 1984 வரை 62,641 பெண்களின் கால்நகத் துண்டுகள் திரட்டப்பட்டன. நகம் கெடுவதில்லை, குளிரூட்டியும் வேண்டியதில்லை, தபால் உறையிலிட்டு அனுப்பலாம். பின்னர் யாருக்குப் புற்றுநோய் வருகிறது என நோக்கி, முன்பே சேர்த்த நகங்களில் செலனியம் அளக்கப்பட்டது. செலனியம் மிகுந்தோர் புற்றுநோயினின்று காக்கப்படுவர் என்ற எதிர்பார்ப்பை 1995 இல் வெளிவந்த முடிவு உறுதிப்படுத்தவில்லை. செலனியம் பயனற்றது என்பது இதன் பொருளன்று. சீனாவிலே செலனியம் மிகக் குறைந்த நிலத்து மக்களிடம் கெஷான் எனும் இதயநோய் கண்டது. அதே சீனாவின் என்ஷிப் பகுதியில் 1961 முதல் 1964 வரை செலனியம் மிகுந்தமையால் மக்களின் மயிரும் நகமும் உதிர்ந்தன. குறையினும் கேடு, மிகினும் கேடு என்பதே சுவட்டு மூலகங்களின் பொதுவிதி.

ஒரே சான்று இருவேறு முடிவுகளுக்கு இட்டுச் செல்வதும் உண்டு. 2002 இல் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் கால்நக இரசம் பற்றிய இரு ஆய்வுகள் வந்தன. ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலும் நடந்த ஆய்வு, நகத்தில் இரசம் மிகுந்தோர்க்கு மாரடைப்பு கூடுதல் என்றது. அமெரிக்க ஆய்வோ அத்தகைய தொடர்பைக் காணவில்லை. அமெரிக்க ஆய்வில் பல்வைத்தியர்களின் நகத்தில் ஏனையோரினும் இரு மடங்களவு இரசம் காணப்பட்டமை நோக்கற்பாலது. பல்லடைக்கும் கலவையில் இரசம் உண்டு. எண்ணை மட்டும் பார்த்தவனுக்கு அது மீனின் இரசமா, தொழிலின் இரசமா என்பது விளங்காது. அவர்தம் தொழிலைக் கேட்டறிந்தவனுக்கே விளங்கும்.

வங்கத்துக் கிணறுகள்

நகச் சான்று ஏழை மக்களின் வாழ்வில் மிகுந்த பயன் விளைத்த இடம் வங்காளம் எனலாம். 1983 இல் கல்கத்தா வெப்பவலய மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கே. சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்தவரின் தோலிற் கண்ட புள்ளிகளும் தடிப்புகளும் ஆசனிக்கு நஞ்சேற்றத்தின் குறிகள் என இனங்கண்டார். வங்காளதேசத்தில் 1993 இல் குழாய்க்கிணற்று நீரில் ஆசனிக்கு உறுதிப்பட்டது. குளத்து நீராற் பரவிய வயிற்றுநோயைத் தவிர்க்கவென்றே 1970 களிலிருந்து பல இலட்சம் குழாய்க்கிணறுகள் அங்கே தோண்டப்பட்டன. உயிர்காக்கத் தோண்டிய கிணறே நஞ்சூட்டியது. அதனை எவரும் முன்னதாக அளந்து பார்க்கவில்லை.

ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்கரவர்த்தியும் அவர்தம் குழுவினரும் ஆயிரக்கணக்கான மயிர், நகம், சிறுநீர் மாதிரிகளை அளந்தனர். தோலிலே எக்குறியும் இல்லாத பலரின் நகத்திலும் ஆசனிக்கு இயல்பினும் மிகுந்திருந்தது. கண்ணுக்கு நோய் புலப்படுமுன் உடல் நஞ்சை ஏற்றுக்கொண்டிருந்தது என்பதற்கு அது சான்றாயிற்று. நோய் முற்றிய பின் வைத்தியம் தேடுவதினும் கிணற்றை மாற்றுவதே முதற்கடமை என்பதை அந்நகங்கள் வற்புறுத்தின.

உலர்வலயத்து நோய்

இலங்கையின் உலர்வலயத்தில் 1990 களின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. நீரிழிவோ உயர்குருதியழுத்தமோ இல்லாத உழவர்களின் சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழந்தது. வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளில் முதலிற் பெரிதாகக் காணப்பட்ட இந்நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் அறியப்பட்டுள்ளது. பதவியா நாயாற்றுக்குத் தெற்கே நெடுந்தொலைவில் உள்ளதன்று. இடையிலே மணலாற்றுப் பகுதி உள்ளது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடைபெற்ற பேராய்வின் முடிவு 2013 இல் வெளிவந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மாவட்டங்களில் நோயின் பரவல் கணிக்கப்பட்டது. ஆண்களில் 12.9 வீதமும் பெண்களில் 16.9 வீதமும் எனக் கணக்கு அமைந்தது. ஆயின் நோய் முற்றிய நிலை ஆண்களிடமே மிகுதி. இவ்வாய்வில் சிறுநீரோடு மயிரும் நகமும் அளக்கப்பட்டன. நோயாளரின் சிறுநீரிலும் நகத்திலும் கட்மியம் ஏனையோரினும் கூடுதலாக இருந்தது. உணவுவழி நெடுங்காலம் சிறிது சிறிதாக உட்செல்லும் கட்மியம் ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

இச்சான்றை வரலாற்று மாணவன் படிக்கும்போது மூன்று வினாக்கள் எழும். முதலாவது, எது காரணம், எது விளைவு என்பது. பழுதுற்ற சிறுநீரகம் கழிவுகளைச் சரிவர வெளியேற்றாது. ஆகவே உடலில் உலோகம் மிகுந்தமையால் நோய் வந்ததா, நோய் வந்தமையால் உலோகம் மிகுந்ததா என்பது நகத்தை மட்டும் கொண்டு துணியக்கூடியதன்று. இரண்டாவது, காலம் பற்றியது. நகம் ஓராண்டை உரைப்பது. இந்நோயோ பல்லாண்டு வளர்வது. மூன்றாவது, தூய்மை பற்றியது. வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் உழவனின் நகத்தில் வயல் மண்ணும் பசளையும் வெளியிலிருந்தே ஒட்டும். நகத்தை அசற்றோனாலும் தூய நீராலும் முறைப்படி கழுவிய பின்னரே அளத்தல் வேண்டும். கழுவினும் ஐயம் முற்றும் அகல்வதில்லை.

பின்வந்த நீராய்வுகள் பலவற்றில் உலர்வலயக் கிணறுகளின் ஆசனிக்கும் கட்மியமும் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குட்பட்டே காணப்பட்டன. நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைத்தல் எனப் பல காரணங்கள் இன்றும் பேசப்படுகின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில் நீரின் தன்மையை இந்நோயோடு இணைத்து நோக்கிய ஆய்வு ஒன்று 2020 இல் வெளிவந்தது. காரணம் பற்றிய விவாதம் ஆய்வுகூடத்தோடு நில்லாமல் ஆட்சிமன்றத்துக்கும் சென்றது. 2015 இல் கிளைபோசேற்றுக் களைநாசினி தடைசெய்யப்பட்டது; 2018 இல் தேயிலை, இறப்பர்ப் பயிர்களுக்குத் தடை தளர்த்தப்பட்டது. சான்றைப் படிப்பதில் ஏற்படும் ஐயமும் அவசரமும் உழவனின் வயலிலும் நோயாளியின் குடிநீரிலும் வந்து முடிகின்றன என்பதற்கு இது போதிய எடுத்துக்காட்டாகும்.

நாயாற்றில் நகத்தைப் படித்தல்

மேற்கூறிய பேராய்வின் பரவற் கணக்கில் வன்னி மாவட்டங்கள் சேரவில்லை. ஆகவே அனுராதபுரத்து எண்களை அப்படியே வன்னிக்கு ஏற்றிச் சொல்லுதல் பொருந்தாது. வன்னிக்குள்ளேயும் நிலம் ஒன்றன்று. கரையோரத்தான் மணலில் ஊறும் நீரைக் குடிப்பவன்; மீன் உண்பவன். உள்ளூர்க் குளத்தடியான் பாறைநிலக் கிணற்று நீரைக் குடிப்பவன்; வயலை நம்புபவன். ஒரே மாவட்டத்தில் வாழினும் இவ்விருவர் நகமும் ஒன்றையே கூறுமென எதிர்பார்த்தலாகாது.

மீன் உணவில் ஆசனிக்கு உண்டு. ஆயின் அது பெரும்பாலும் தீங்கற்ற சேதனச் சேர்மமாக இருந்து விரைவிற் சிறுநீரோடு வெளியேறுவது. முதல்நாள் இறாலும் நண்டும் உண்ட ஒருவரின் சிறுநீரில் மொத்த ஆசனிக்கை அளந்தால் அவர் நஞ்சுண்டவர் போலத் தோன்றுவார். நகத்திலோ அச்சேர்மம் மிகக் குறைவாகவே தங்கும். கிணற்று நீரின் அசேதன ஆசனிக்கே முதன்மையாகப் பதியும். ஆகவே நாயாறு போன்ற மீன்பிடி ஊரிலே ஆசனிக்கைப் பொறுத்தவரை சிறுநீரினும் நகம் நம்பத்தக்க சாட்சி. இரசத்தைப் பொறுத்தவரை நிலை வேறு. மீன்வழி வரும் இரசம் நகத்தில் நன்கு பதியும். அங்கே அது நோயின் குறியாவதினும் முதலில் உணவின் குறியாகும்.

கரையோர மணல்நில நீரை அளந்து பார்த்தல் வீண்வேலையன்று. மன்னார்த் தீவின் மணல்நிலத்து ஆழமற்ற நீரில் ஆசனிக்கு மிகுந்திருப்பதை 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. மன்னாரின் மணலைக் கொண்டு நாயாற்றின் மணலுக்குத் தீர்ப்புக் கூறல் தகாது. ஒவ்வொரு நிலமும் தனித்தனியே அளக்கப்பட வேண்டியது என்பதே அதன் பொருள்.

இவற்றினும் பெரியது இடப்பெயர்வு. 1984 இல் சிறுவனாக ஊரை விட்டவன் மீண்டபோது நடுவயதினன். இடைப்பட்ட காலத்தில் அவன் குடித்த நீர் எத்தனை ஊர்களின் நீர்! இன்று அவன் சிறுநீரகம் பழுதுறின், இன்றைய நகம் இன்றைய கிணற்றையே காட்டும்; முகாமின் நீரையும் இடையில் உழுத வயலையும் காட்டாது. பருவந்தோறும் மேற்குக் கரையிலிருந்து நாயாற்றுக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வோரின் கால்நகமும் இவ்வாறே இரு கரைகளின் நீரைக் கலந்து பேசும். இங்கேதான் இரசாயனவியலுக்கு வரலாறு துணைசெய்ய வேண்டியுள்ளது. எந்த ஆண்டில் எங்கே இருந்தார், எந்தக் கிணற்றில் அள்ளினார், எதைப் பயிரிட்டார், எதை உண்டார் என்ற வாய்மொழி வரலாறு உடன் இல்லாவிடின் நகத்தில் அளந்த எண் பொருளற்ற எண்ணாகவே நிற்கும்.

முடிவுரை

நகம் பொய் கூறுவதில்லை. ஆயின் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை தரும். மன்செஸ்ரரிலே பருப்பொருட் சான்று ஏழைகளின் மீதிருந்த பழியைத் துடைத்தது. வங்கத்திலே நகம் கண்ணுக்குத் தெரியாத நஞ்சை வெளிப்படுத்தியது. இலங்கையின் உலர்வலயத்திலே அது ஐயத்தை எழுப்பியதேயன்றித் தீர்ப்பு வழங்கவில்லை. இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின், நகச் சான்றின் பெருமையும் எல்லையும் ஒருசேர விளங்கும்.

ஆகவே வன்னியில் இத்தகைய ஆய்வு நிகழ்த்துவோர் நகத்தோடு நீரையும், நீரோடு வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்துப் பெறுதல் வேண்டும். அறிவியற் பீடத்தாரும் கலைப்பீடத்தாரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. இதில் மற்றுமொரு கடமையும் உண்டு. நகத்தைக் கொடுத்தவர், அளந்து கண்டது என்ன என்பதைத் தம் மொழியில் அறியும் உரிமையுடையவர். தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை ஒருபோதும் படித்துப் பார்க்க வாய்ப்பற்றிருந்த மக்களுக்கு, அவர்தம் உடலே எழுதிய சாசனத்தையேனும் வாசித்துக் காட்டுதல் நீதியாகும்.